கிராணியின் கொடியும் கப்பலின் காற்றும்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைகளே, தம்பிகளே,

இப்படிப்பட்ட உபதேசம் செய்ய ஒரு தோற்றம் வேண்டும் என்பார்கள். நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு “எங்கள் காலத்தில்” என்று ஆரம்பிக்கும் கம்பீரம். எனக்கு அதில் ஒன்றும் இல்லை. சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை முடித்து, அரசாங்க வேலைக்கு மனுப் போட்டு, பதில் வரும்வரை வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் பிடிக்காமல், மலாக்காவின் காஜா பேராங்கில் மாமாவின் மரச்சாமான் கடைக்குப் பின்னால் கப்பல் கட்ட உட்கார்ந்தவள் நான். இப்போது கோலாலம்பூரில் வேலை வந்துவிட்டது. ஆகவே கப்பல் கட்டும் தொழிலைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றவர்கள் பேசலாம், மற்றவர்கள் கொட்டாவியை மறைத்துக்கொண்டு கேட்கலாம் என்பது ஊர் வழக்கம். கேளுங்கள்.

பலகையை இழைப்பது, நூலுக்குத் தேன்மெழுகு போடுவது, பாய்த் துணியைக் கஞ்சியில் தோய்த்துக் காற்று நிறைந்ததுபோல் உப்பலாகக் காயவைப்பது, இவற்றைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் கை தானாகக் கற்றுக்கொள்ளும். நான் சொல்ல வருவது வாடிக்கையாளர் என்ற ஜீவனைப் பற்றி. அந்த ஜீவன் முன்னால் நின்று விரலை நீட்டும்போது நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பற்றி.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று உறுதியானதும் மலாக்காவில் இரண்டு தொழில்கள் செழித்தன. ஒன்று கொடி தைப்பது. இன்னொன்று வெள்ளைக்காரத் துரைகளுக்குப் பிரியாவிடை விருந்து நடத்துவது. தோட்டத் துரை, பேங்குத் துரை, பள்ளிக்கூடத் துரை என்று ஒவ்வொருவராகப் பெட்டி கட்ட, அவரவர் ஆபீசில் ஒரு கமிட்டி முளைத்தது. முதலில் எல்லாரும் கடிகாரம் கொடுத்தார்கள். ஊரிலுள்ள துரைகள் அத்தனை பேருக்கும் கடிகாரம் கிடைத்த பிறகு, யாரோ ஒருவர் பாய்மரக் கப்பல் பொம்மை கொடுத்தார். அன்றிலிருந்து எல்லாக் கமிட்டிக்கும் கப்பல் வேண்டும். காலமெல்லாம் “போய்த் தொலையமாட்டானா” என்று முணுமுணுத்தவர்களே கண்ணாடிப் பெட்டியோடு கப்பல் வாங்க வரிசையில் நின்றார்கள்.

எங்கள் கப்பல்கள் பொம்மை அல்ல. ஒவ்வொரு கயிறும் நிஜக் கப்பலில் எங்கே தொடங்கி எங்கே முடியுமோ அங்கேயே தொடங்கி முடியும். பள்ளிக்கூட நூலகத்திலிருந்து பழைய கப்பல் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, அதைப் பார்த்துப் பார்த்து நான் சொல்ல, லெட்சுமி அக்கா கட்டுவார். பாதி நேரம் நான் சொன்னது தப்பாக இருக்கும். மறுநாள் வேறு சொல்வேன்.

“டீச்சரம்மா இன்னிக்கு என்ன பாடம் மாத்திட்டீங்க?” என்பார் லெட்சுமி அக்கா. நான் டீச்சர் இல்லை. படித்தவள் என்று குத்திக்காட்டுவதற்கு அவர் வைத்த பெயர் அது.

லெட்சுமி அக்காவை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். ஆனால் அவர் எப்படி இங்கே வந்தார் என்று உங்களுக்குத் தெரியாது. குருபோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கித்தா மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். கணவர் லாரி ஓட்டப் போனார், லாரியோடு போனார், திரும்பி வரவில்லை. மகளைப் பட்டணத்து இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்தே தீருவேன் என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு காஜா பேராங்குக்கு வந்து, ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, முதலில் மாமா கடையில் மெத்தை உறை தைத்தார். பிறகு பாய் தைத்தார். பிறகு கயிறு கட்ட ஆரம்பித்தார். கட்டத் தொடங்கியதும் எனக்கு மேலே போய்விட்டார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவருடைய வாயை அடக்க முடியவில்லையே என்பதுதான் வருத்தம்.

வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு முதலில் ஒரு சின்ன உதாரணம். ஒரு பள்ளிக்கூடத்துப் பெரியவர் வந்தார். பாய்மரக் கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரி, புகைபோக்கி எங்கே?” என்றார். நான் பாய்மரக் கப்பலின் வரலாற்றைத் தொடங்கினேன். அவர் முகம் கறுத்தது. மாமா பயந்துபோய், சிகரெட் டின் ஒன்றை எடுத்து வெட்டவே ஆரம்பித்துவிட்டார். அப்போது லெட்சுமி அக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

“வெக்கலாம் சார். ஆனா வெள்ளப் பாயெல்லாம் கரி புடிச்சுரும். அப்புறம் யாரு தொவைக்கிறது?”

பெரியவர் யோசித்தார். “ஆமாலா, அழுக்காயிரும்” என்று ஒப்புக்கொண்டு போனார். வரலாறு செய்யாததைச் சலவை செய்தது. நான் அன்று சிரித்தேன். சிரித்ததோடு சரி, அதிலிருந்து எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. படித்தவர்களுக்கு அப்படித்தான், ஒரு தடவை சொன்னால் ஏறாது.

இப்போது பெரிய கதைக்கு வருகிறேன்.

ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸ். பெயர் வேண்டாம். அங்கே மானேஜர் துரை ஊருக்குத் திரும்புகிறார். சுதந்திரத்துக்குச் சில வாரங்களே இருந்தன. கமிட்டிக்குத் தலைவர், அந்த ஆபீசின் பெரிய கிராணி. நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். வெயிலிலும் டை கட்டுவார், பேனாவைக் குத்தூசிபோல் நீட்டிக்கொண்டு பேசுவார். வேலை குமாஸ்தா வேலைதான், ஆனால் குமாஸ்தா என்றால் கோபித்துக்கொள்வார், கிராணி என்றால் சம்மதம், பெரிய கிராணி என்றால் சிரிப்பார்.

மூன்று பாய்மரம், முழுப் பாய், பின்னாலிருந்து நல்ல காற்று வாங்கி ஓடும் கப்பல் என்று அவர் கேட்டார். நாங்களும் அப்படியே கட்டினோம். கொடி விஷயத்தில் மட்டும் கமிட்டி கூடிக் கூடிக் கலைந்தது. வெள்ளைக்காரன் கொடி வைத்தால் நாளைக்குப் புது அரசாங்கம் என்ன நினைக்கும்? புதுக் கொடி வைத்தால் இன்றைக்குத் துரை என்ன நினைப்பார்? இரண்டையும் வைக்கலாமா? கடைசியில், எந்த நாட்டுக்கும் சேராத சிவப்பு நீளக்கொடிகள் போதும் என்று முடிவானது. ஒரு நாடு பிறக்கிற நேரத்தில் ஒரு கொடியைத் தேர்ந்தெடுக்கத் துணிவில்லாதவர்கள் கமிட்டி வைத்து விருந்து நடத்தினார்கள்.

அதற்கு முன்னால் இரண்டு கப்பல்கள் எங்களுக்குத் திரும்பி வந்திருந்தன. ஒன்று மழைக்காலத்தில் கயிறு தளர்ந்து தொங்கியதால். மற்றது கமிட்டிக்குள் சண்டை வந்து விருந்தே நின்றுபோனதால். மாமாவுக்கு வெறுத்துவிட்டது.

“இந்தக் கப்பலும் திரும்பி வந்துச்சுன்னா பின்பக்கத்த இழுத்து மூடிருவேன்” என்றார். “அலமாரிய எவனும் திருப்பிக் கொண்டாந்ததே இல்ல. நான் உண்டு, அலமாரி உண்டு.”

பின்பக்கம் மூடினால் எனக்கு என்ன? அரசாங்க வேலை வரும்வரை வீட்டில் புத்தகம் படிப்பேன். லெட்சுமி அக்காவுக்கு மெத்தை உறை வேலையும் இல்லை, அதை இப்போது ஒரு சீனர் கடை மிஷினில் மலிவாகத் தைத்துக் கொடுக்கிறது. அவர் குருபோங்குக்குத் திரும்பி மறுபடியும் பால் வெட்டவேண்டும். மகள் இங்கிலீஷ் பள்ளியை விட்டுத் தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் போகவேண்டும். இதை அவர் ஒருநாளும் புலம்பியதில்லை. எங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

விருந்து நாள் காலை. கப்பல் முன்கடையில் மேசைமேல், மூடியிருந்த துணி விலகி நிற்கிறது. பெரிய கிராணி வந்தார். சுற்றிப் பார்த்தார். பேனா நீண்டது.

“என்ன இது, கொடியெல்லாம் முன்னாடி பாத்துப் பறக்குது? தலைகீழா வெச்சிருக்கீங்க.”

“அப்படித்தான் சார் பறக்கும்” என்றேன்.

“தங்கச்சி, கப்பல் எந்தப் பக்கம் போகுது?”

“முன்னாடி.”

“அப்ப கொடி பின்னாடிதானே பறக்கணும்? நான் என் காருல கட்டிப் பாத்திருக்கேன்.”

“உங்க காரு எஞ்சின்ல ஓடுது சார். இது காத்துல ஓடுது. காத்து பின்னாலேர்ந்து தள்ளுது. பாயத் தள்ளுற காத்துதானே கொடியையும் தள்ளும்?”

“நான் எத்தன வருசமா கப்பல் ஆபீஸ்ல இருக்கேன் தெரியுமா?”

கப்பல் ஆபீசில் அவர் இருந்தது உண்மை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி இருந்ததும் உண்மை. நான் விடவில்லை. மேசை ஃபேனைத் தூக்கிவந்து கப்பலுக்குப் பின்னால் வைத்து ஓட்டினேன். கஞ்சி போட்ட கொடி அசையவில்லை. என் கைக்குட்டையைப் பாய்மர உச்சியில் பிடித்தேன். அது முன்பக்கமாக நன்றாகப் பறந்தது.

“பாத்தீங்களா?”

“அது ஃபேன் காத்து. இது கடல் காத்து” என்றார் பெரிய கிராணி.

இதற்கு மேல் ஒரு மனிதனிடம் என்ன பேசுவது? ஆனால் அவர் பேசினார். மாமாவைப் பார்த்துத் திரும்பி, “முதலாளி, தொர வாலிப வயசுல இந்த மாதிரிக் கப்பல்ல உலகத்தையே சுத்துனவரு. அவர் முன்னாடி கொடிய இப்படி வெச்சா என் மானம் போயிரும். சாயங்காலம் லாரியோட வருவேன். கொடி பின்னாடி பறந்தா ஏத்துவேன். இல்லாட்டி இங்கேயே வெச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு, டையைச் சரிசெய்துகொண்டு போனார்.

“கொடியத் திருப்பி வையிங்க” என்று மாமா எங்களிடம் கெஞ்சினார். “உப்புத் தண்ணியில ஒருநாள் கால நனச்சிருக்கியா நீ? அந்தாளோட எதுக்கு வாதம்?”

லெட்சுமி அக்கா இடுக்கியை எடுத்துக்கொண்டு உச்சிக் கொடிக்குக் கையை நீட்டினார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

“வேணாம்க்கா. தொர கடல்ல போனவர். பாய் முன்னாடி உப்பியிருக்கு, கொடி பின்னாடி பறக்குதுன்னா ஒரு பார்வையில சிரிச்சிருவாரு. அவர் சிரிச்சா இந்தக் கிராணி யாரக் கை காட்டுவான்? நம்மளத்தான். நாளைக்குக் காலையில கப்பல் இங்க வந்து நிக்கும்.”

“திருப்பலேன்னா இன்னிக்குச் சாயங்காலமே இங்கதான் நிக்கும்.”

“நின்னா நிக்கட்டும். தப்பாக் கட்டுன கப்பல் போறதுக்கு, சரியாக் கட்டுன கப்பல் நிக்கிறது மேல்.”

அவர் இடுக்கியைக் கீழே வைத்தார். “யாருக்கு மேல்? ஒனக்கு கோலாலம்பூர் இருக்கு, சிங்கப்பூர் இருக்கு. எனக்கு குருபோங்தான் இருக்கு. எம்மவ தலையில நின்னுக்கிட்டு நீ கொள்கை பேசுறே டீச்சரம்மா.”

நான் அவர் கையை விட்டேன். தங்கைகளே, தம்பிகளே, இந்தத் தொழிலில் பிடிவாதம் வேண்டும். ஆனால் பிடிவாதம் பிடிக்குமுன், சாப்பாடு யாருடையது போகும் என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். தன் சோற்றை இழந்து கொள்கையைக் காப்பாற்றியவர்களை எனக்குத் தெரியாது. மற்றவர் சோற்றை வைத்துக் காப்பாற்றியவர்களை நிறையத் தெரியும், பெரும்பாலும் மேடையில் உட்கார்ந்திருப்பார்கள்.

திருப்பினால் நாளைக் காலை போச்சு. திருப்பாவிட்டால் இன்று மாலை போச்சு. லெட்சுமி அக்காவுக்கு ஆத்திரம் தணியவில்லை.

“ஆத்து வாயில சுமத்ராவுலேர்ந்து கரிமூட்ட ஏத்திக்கிட்டுப் படகு வருதே, பாத்திருக்கியா? பாயைப் போட்டுக்கிட்டுத்தான் வருது. அதுல உச்சியில ஒரு கந்தத் துணி கட்டியிருப்பான். அது பின்னாடிதான் பறக்கும். போ, அந்தப் படகுக்காரனுக்கும் ஃபேன் காட்டிப் பாடம் நடத்து.”

“அவன் எதிர்க்காத்துல சாய்வா ஏறி வர்றான்க்கா, அதனால அவன் கொடி…” என்று ஆரம்பித்தேன். பாதியில் நின்றேன்.

எதிர்க்காற்றில் சாய்வாக ஏறி வருகிறான். பாயும் விரிந்திருக்கிறது, கொடியும் பின்னால் பறக்கிறது. இரண்டும் சரி. இத்தனை நேரம் கொடியைத் திருப்புவதா வேண்டாமா என்று மோதிக்கொண்டிருந்தோம். திருப்பவேண்டியது கொடியை அல்ல, காற்றை.

எங்கள் கப்பல் நேர்பின்னாலிருந்து காற்று வாங்குவதாகக் கட்டப்பட்டிருந்தது. அதனால் பாய்களைத் தாங்கும் குறுக்குக்கழிகள் எல்லாம் கப்பலுக்கு நேர்குறுக்காக நின்றன. அதே கழிகளை இழுத்து, ஒரு முனை முன்னாலும் மறுமுனை பின்னாலும் போகும்படி சாய்வாகத் திருப்பிவிட்டால், காற்று முன்பக்கத்து ஓரத்திலிருந்து வருகிறது என்று அர்த்தம். அப்போது கொடிகள் பின்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து பறக்கும். கிராணியின் ஆணையும் நிறைவேறும். கடல் தெரிந்தவன் பார்த்தாலும் தலையாட்டுவான்.

கேட்டதும் லெட்சுமி அக்கா இப்படித்தான் சொன்னார்: “இத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுதானே?”

சிக்கல் கடிவாளத்தில் இருந்தது. குறுக்குக்கழிகளின் இரு முனையிலிருந்தும் தளத்துக்கு இறங்கும் கயிறுகளை நம் பட்டறையில் கடிவாளம் என்கிறோம். குதிரையின் தலையைத் திருப்புவதுபோல் பாயைத் திருப்புவது அவைதான். மூன்று பாய்மரம், ஒவ்வொன்றிலும் அடுக்கடுக்காகக் கழி, ஒவ்வொரு கழிக்கும் இரண்டு கடிவாளம். எல்லாம் தளத்து ஓரத்து முளைகளில் முடிச்சிட்டவை. முடிச்சை வெட்டினால் நூல் குட்டையாகிவிடும். புது நூல் கோத்து மெழுகு போட நேரம் இல்லை.

“வெட்டாம அவுக்க முடியுமாக்கா?” என்றேன்.

அவர் ஒரு முளையில் நூல் நுனியைப் பிடித்து இழுத்தார். முடிச்சு கழன்று கையில் வந்தது. அடுத்ததும் வந்தது.

“எல்லாமே இப்படியா கட்டியிருக்கீங்க?”

“நீ நாளைக்கு வேற சொல்லுவேன்னு தெரியாதா எனக்கு? ஒரு தரமாவது சொன்னதையே திருப்பிச் சொல்லியிருக்கியா? அதான் இழுத்தா வர்ற மாதிரி போட்டேன்.”

என் தப்புகளால் என்றைக்காவது ஒரு நன்மை விளையும் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை.

வேலையில் இறங்கினோம். நான் கழியைத் திருப்பிப் பிடிக்க, அவர் கடிவாளத்தை இழுத்துக் கட்டினார். ஒரு பக்கம் தளர்த்தி மறுபக்கம் இழுக்கவேண்டும். கொஞ்சம் கூடினால் கழி பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகளில் இடிக்கும். அடிப்பாய்களின் மூலைகளையும் முன்னாலிருக்கும் முக்கோணப் பாய்களையும் பிரித்து, காற்று போகும் பக்கம் மாற்றிக் கட்டினோம். மாமா வந்து எட்டிப் பார்த்தார். காலையில் முழுதாக நின்ற கப்பலில் நூல்கள் எல்லாம் அவிழ்ந்து மீன்வலைபோல் தொங்கின.

“ஐயோ, கொடியத்தானே திருப்பச் சொன்னேன்! கப்பலையே பிரிச்சுட்டீங்களே! பிள்ளையாரப்பா!”

“மாமா, ஒரு உதவி செய்யிறீங்களா?” என்றேன்.

“என்ன?”

“கடையில நிக்காதீங்க.”

அவர் குடையை எடுத்துக்கொண்டு ஜாலான் துக்காங் எமாஸ் தெருவிலிருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டார். கப்பலுக்காகத் தேங்காய் உடைத்தாராம். எந்தக் கயிற்றையும் இழுக்காமல் கப்பலுக்கு அவர் செய்த மிகப் பெரிய சேவை அதுதான்.

குடை என்றேன் அல்லவா? மழை பிடித்துக்கொண்டது. கொடிகளைக் கழற்றி, வெந்நீரில் கஞ்சியைக் கரைத்து, புதுக் கஞ்சியில் தோய்த்து, பின்னால் அலை அலையாகப் பறக்கும்படி வளைத்து வைத்திருந்தோம். காயவேண்டும். வெளியே மழை, உள்ளே ஈரம். பறக்கவேண்டிய கொடிகள் வதங்கிய கீரைபோல் தொங்கின. நான் ஃபேனை வைத்தேன். லெட்சுமி அக்கா என்னைத் தள்ளிவிட்டார்.

“ஃபேன் வெச்சே இன்னிக்குக் காலையில கெடுத்தே. போதும்.”

கரிப்பெட்டியை மூட்டிவந்தார், துணி தேய்க்கும் பெட்டியைத்தான். அதைத் துணிமேல் வைக்கவில்லை. ஒவ்வொரு கொடியையும் ஊசியில் குத்தி, பெட்டியின் வாயிலிருந்து வரும் அனலில் காட்டித் திருப்பித் திருப்பிக் காயவைத்தார். ஒரு கொடி மட்டும் ஓரத்தில் கருகிவிட்டது.

“இத என்ன செய்யிறது?” என்றேன்.

“கடல்ல அடிபட்ட கொடி. கடைசிப் பாய்மரத்துல வை.”

கடைசிக் கொடியை ஒட்டவும் லாரி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பெரிய கிராணி குடைக்கடியில் நடந்துவந்தார். கொடிகளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு குனிந்தார். பேனா நீண்டது.

“இதென்ன, கம்பெல்லாம் கோணலா நிக்குது?”

என் நாக்கில் முழுப் பாடமும் தயாராக இருந்தது. எதிர்க்காற்று, சாய்வு, கரிப் படகு, எல்லாம். வாயைத் திறந்தேன். லெட்சுமி அக்கா மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

“வேகமாப் போகுதுல்ல சார்” என்றார். “வளைவுல போனா ஒங்க காரு சாயாது?”

பெரிய கிராணி காரில் வளைவு திரும்புவதை மனதில் ஓட்டிப் பார்த்தார். கைகூட ஸ்டியரிங்கைப் பிடித்ததுபோல் அசைந்தது.

“ஆ! அதானே! இப்பத்தான் கப்பல் மாதிரி இருக்கு. காலையிலயே நான் சொன்னேன்ல?”

“நீங்க சொன்னதாலதான் சார்” என்றேன் நான். அந்தச் சொற்களைச் சொன்னதற்காக என்னை நானே மெச்சிக்கொள்கிறேன். அதற்கு முன் அப்படி ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியாது.

கப்பலைப் பத்திரமாக இறக்கிவைக்க, கோயிலிலிருந்து திரும்பிய மாமாவோடு நானும் விருந்து மண்டபத்துக்குப் போனேன். துரை எப்படிப் பார்க்கப்போகிறார் என்பதிலேயே என் உயிர் இருந்தது. உலகைச் சுற்றியவர். ஒரு கழி தப்பாக நின்றாலும் கண்டுபிடித்துவிடுவார். முதலில் பெரிய கிராணி பேசினார். கப்பலின் கொடிகளைத் தவறாக வைத்திருந்ததையும், கப்பல் ஆபீஸ் அனுபவத்தால் தாம் அதை நேர்செய்ததையும் விளக்கினார். கைதட்டினார்கள். துரை எழுந்து கப்பலருகே வந்தார். குனிந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அடிப்பலகையைத் தடவினார்.

“மிக அழகு” என்றார் துரை இங்கிலீஷில். “விளக்கைப் போடும் சுவிட்ச் எங்கே?”

விளக்கு இல்லை என்றதும், பரவாயில்லை என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுக் கோழிக்கறிப் பக்கம் போனார். உலகைச் சுற்றியது உண்மைதானாம். பயணிகள் கப்பலில், முதல் வகுப்பில்.

திரும்பி வந்து லெட்சுமி அக்காவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து ஊசியைத் தொலைத்துவிட்டார்.

“அப்ப கொடிய சும்மா திருப்பி வெச்சிருந்தாலே போதும். பகல் பூரா வெந்து செத்தோமே!”

“ஆமா” என்றேன். அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. இதிலிருந்து நீங்கள் என்ன பாடம் படிக்கவேண்டும் என்று அன்று என்னைக் கேட்டிருந்தால், எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

கப்பல் திரும்பி வரவில்லை. பெரிய கிராணிதான் திரும்பி வந்தார், மெர்டேக்கா என்ற சுதந்திர நாள் பட்டாசுச் சத்தமெல்லாம் அடங்கிய பிறகு. அதே கம்பெனியில் இன்னொரு துரை புறப்படுகிறாராம். விருந்தில் நம் கப்பலைப் பார்த்துவிட்டு வேறு இரண்டு ஆபீஸ்காரர்களும் கேட்கிறார்களாம். உங்களை வேலைக்கு எடுக்க மாமாவுக்குத் துணிச்சல் வந்தது அந்த ஆர்டர்களால்தான். அலமாரியைப் பற்றி அவர் இப்போது பேசுவதில்லை.

“அதே கப்பல். அதே மாதிரி கொடி” என்றார் பெரிய கிராணி. “பாய் மட்டும் இந்தத் தடவ நேரா இருக்கட்டும். கோணல் வேணாம்.”

நேர்ப் பாயோடு கொடி பின்னால் பறக்காது என்று எடுத்துச் சொல்லவேண்டியவள் இனி நான் அல்ல, வேலை உத்தரவு வந்து ஏற்கெனவே கோலாலம்பூர் மனுஷி. மாமா என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். லெட்சுமி அக்கா கையிலிருந்த நூலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

“காத்து எங்கேர்ந்து வரணும் சார்?”

“என்னது?”

“காத்து. பின்னாலேர்ந்தா, பக்கத்துலேர்ந்தா, முன்னாலேர்ந்தா? அத மொதல்ல சொல்லுங்க. அது தெரியாம நான் ஒரு நூலக்கூட கட்டமாட்டேன்.”

பெரிய கிராணி விழித்தார். மாமா பிள்ளையாரை நினைத்தார். அந்தக் கப்பலில் விளக்கு எங்கே என்று கேட்கப்போகிற இன்னொரு துரையை நான் நினைத்தேன். லெட்சுமி அக்காவுக்கும் அது தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

“காத்தா… அத நீங்களே பாத்துக்குங்க” என்றார் கிராணி.

“அத நாங்க பாத்தா, பாயும் நாங்கதான் பாப்போம், கொடியும் நாங்கதான் பாப்போம். சரியா சார்?”

பேனா சட்டைப்பைக்குள் போனது. “சரி சரி. நல்லா இருந்தாச் சரி.”

நானும் கோலாலம்பூரில் ஒரு கிராணியாகத்தான் உட்காரப்போகிறேன். சிரிக்காதீர்கள். ஜன்னலைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொள்வேன். உங்களை என் இடத்தில் உட்காரவைத்துவிட்டுப் போகிறேன். நீங்கள் அங்கே உட்காரும் முதல் நாள் லெட்சுமி அக்கா கையில் நூலோடு உங்களிடமும் அதே கேள்வியைக் கேட்பார். பதில் தெரிந்தால் உட்காருங்கள். தெரியாவிட்டால் முன்கடையில் பிரம்பு நாற்காலி பின்ன மாமா ஆள் தேடுகிறார். நாற்காலிக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒன்றுதான்.